ஒரு பேரறிஞரின் பெயர் பட்ட பாடு

பெரியோரின் பெயரைத் தெருவுக்கும் பள்ளிக்கும் நம் பிள்ளைகளுக்கும் சூட்டி மகிழ்வது நம் மரபு. அவ்வாறு சூட்டும்போது அப்பெயருக்கு உரியவரை நன்றியோடு நினைவுகூர்கிறோம். ஆனால் யாரும் கூடித் தீர்மானிக்காமலே, ஓர் எழுத்தாளரின் பெயர் மக்கள் நாவில் பொதுச்சொல்லாகிவிடுவதும் உண்டு. அப்போது மனிதர் மெல்ல மறைந்துவிடுகிறார். சொல் மட்டும் வாழ்கிறது. அச்சொல்லை நாள்தோறும் வழங்குவோருள் பலருக்கு அது ஒருவருடைய பெயர் என்பதே தெரிவதில்லை.

எளிய வேலையொன்றைச் செய்யத் தயங்குபவரிடம், "இது என்ன பெரிய கம்பசூத்திரமா?" என்று நம் ஊர்களில் கேட்பார்கள். கழைக்கூத்தாடி ஏறும் கம்பத்தோடு சேர்த்து இதற்குப் பொருள் கூறுவாரும் உளர். எனினும் நம் மக்களுள் பலர் இதனைக் கவிச்சக்கரவர்த்தி கம்பரின் பெயரோடு இணைத்தே விளங்கிக்கொள்கின்றனர். அவர் பாடிய காப்பியத்தின் ஆழம், 'எளிதில் விளங்காதது' என்ற பொருளில் ஒரு பேச்சு வழக்காகிவிட்டது.

ஐரோப்பிய மொழிகளில் இத்தகைய சொற்கள் ஏராளம். அவற்றுள் சில, பெயருக்கு உரியவருக்குப் பெருமை சேர்ப்பன. அகுஸ்தினார் துறவு சபையைச் சேர்ந்த இத்தாலியத் துறவி அம்புரோஜியோ கலேப்பினோ 1502-ஆம் ஆண்டில் இலத்தீன் அகராதி ஒன்றை வெளியிட்டார். அது பல பதிப்புகள் கண்டு ஐரோப்பா முழுவதும் பரவியது. இன்று பிரெஞ்சு மொழியில் 'கலெப்பேன்' என்றால் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் சிறு குறிப்பேடு என்று பொருள். ஓர் எளிய துறவிக்கு இதைவிட இனிய நினைவுச்சின்னம் வேறு என்ன வேண்டும்!

வேறு சில சொற்கள் உரியவருக்கு நீதி செய்வதில்லை. பிளாரன்சு நகரத்து மாக்கியவெல்லி குடியரசைப் போற்றியும் விரிவாக எழுதியவர். ஆயினும் அவர் இறந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பின் 1532-இல் அச்சேறிய 'இளவரசன்' என்ற சிறு நூலே அவருடைய பெயரைப் பற்றிக்கொண்டது. 'மாக்கியவெல்லித்தனம்' என்றால் வஞ்சக அரசியல் என்றாயிற்று. நம் நாட்டின் பீகார் மாநிலத்து மோதிகாரியில் 1903-இல் பிறந்த ஜார்ஜ் ஆர்வெல் சர்வாதிகாரத்தை எதிர்த்து எழுதியவர். குடிமக்களின் எண்ணத்தையும் வேவு பார்க்கும் ஓர் அரசை, 1949-இல் வெளிவந்த தம் புதினத்தில் எச்சரிக்கையாகத் தீட்டினார். இன்றோ அத்தகைய கொடுமைக்கே 'ஆர்வெல்லியம்' என்று பெயர். நோயைச் சுட்டிக் காட்டிய மருத்துவரின் பெயரே நோயின் பெயராகிவிட்டது.

இவர்கள் எல்லாரையும்விட நம் திருச்சபையைச் சேர்ந்த ஒருவருடைய பெயர் பட்ட பாடு பெரிது. ஆங்கிலத்தில் 'டன்ஸ்' என்றொரு சொல் உண்டு. நாம் 'மக்கு' என்கிறோமே, அதுவே அதன் பொருள். எத்தனை முறை சொல்லிக் கொடுத்தாலும் மண்டையில் ஏறாத மாணவனை ஆங்கிலப் பள்ளிகளில் இச்சொல்லால் அழைத்தனர். 19-ஆம் நூற்றாண்டில் அத்தகைய மாணவனின் தலையில் கூம்பு வடிவக் காகிதத் தொப்பியைக் கவிழ்த்து, எல்லாரும் பார்க்க ஒரு மூலையில் நிறுத்தும் வழக்கமும் இருந்தது. அந்தத் தொப்பிக்கும் இதுவே பெயர். இடைக்காலத் திருச்சபையின் மிகக் கூர்மையான அறிஞர்களுள் ஒருவரான யோவான் டன்ஸ் ஸ்கோட்டஸின் பெயரிலிருந்தே இச்சொல் பிறந்தது என்றால் நம்புவது கடினம். ஆயினும் உண்மை அதுவே.

நுட்ப மறைவல்லுநர்

ஸ்காட்லாந்தின் தென்கிழக்கில் உள்ள டன்ஸ் என்னும் ஊரில் ஏறத்தாழ 1266-இல் பிறந்தவர் யோவான். 'ஸ்கோட்டஸ்' என்றால் ஸ்காட்லாந்துக்காரர் என்று பொருள். இளமையிலேயே புனித பிரான்சிஸ் அசிசியாரின் சபையில் சேர்ந்த அவர், 1291-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் நாள் இங்கிலாந்தின் நார்த்தாம்டன் நகரில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆக்ஸ்போர்டிலும், பின்னர் பாரிசிலும் இறையியல் கற்பித்தார்.

1303-இல் பிரான்சு நாட்டு மன்னர் நான்காம் பிலிப்புக்கும் திருத்தந்தை எட்டாம் போனிபாசுக்கும் இடையே பெரும் பூசல் மூண்டது. தம் பக்கம் நிற்பதாக ஒப்பம் இடுமாறு பாரிசு நகரத்துத் துறவியரை மன்னர் வற்புறுத்தினார். மறுத்தோர் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். மறுத்தவர்களின் பட்டியலில் ஸ்கோட்டஸின் பெயரும் இருந்தது. மறு ஆண்டு அவர் பாரிசுக்குத் திரும்ப முடிந்தது. 1307-இல் ஜெர்மனியின் கொலோன் நகருக்கு அனுப்பப்பட்டார். அங்கே 1308-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள், ஏறத்தாழ 42 வயதில் இறந்தார். அந்நகரத்துப் பிரான்சிஸ்கன் சபைக் கோவிலில் அவருடைய கல்லறை இன்றும் உள்ளது.

ஒரு கருத்தை எடுத்துக்கொண்டால், அதற்கு எதிராகக் கூறத்தக்க எல்லாவற்றையும் தாமே எடுத்துக் கூறி, ஒவ்வொன்றையும் நூலிழைபோலப் பிரித்து ஆராய்வது அவருடைய முறை. இதனால் 'நுட்ப மறைவல்லுநர்' என்னும் சிறப்புப் பெயர் அவருக்கு வாய்த்தது. குருத்துவக் கல்லூரியில் மெய்யியல் பயின்ற நாள்களில், புனித தோமா அக்குவினாருக்கு மாற்றுக் கருத்துக் கூறியவராகவே இவரை நாம் முதலில் அறிந்தோம். பின்னரே, தோமாவின் மலைக்கு எதிரே நிற்கும் இன்னொரு மலை இவர் என்பதைப் படிப்படியாக உணர்ந்தோம்.

அவருடைய போதனைகளுள் இரண்டை மட்டும் இங்குச் சொல்ல விரும்புகிறோம். முதலாவது, அன்னை மரியாவின் அமல உற்பவம். மரியா பிறப்புநிலைப் பாவமின்றி உற்பவித்தார் என்னும் பக்தி மக்களிடையே பரவியிருந்தது. ஆனால் புனித பெர்னார்து, புனித போனவெந்தூர், புனித தோமா போன்ற பெரியோர்கூட அதனை ஏற்கத் தயங்கினர். அவர்களுடைய தயக்கத்திற்குக் காரணம் உண்டு. கிறிஸ்து எல்லா மனிதருக்கும் மீட்பர். மரியாவிடம் பாவமே இருந்ததில்லை என்றால் அவருக்கு மீட்பர் தேவையில்லை என்றாகிவிடாதா? அது கிறிஸ்துவின் மீட்பைக் குறைத்துவிடாதா?

இதற்கு ஸ்கோட்டஸ் கூறிய விடை எளிமையும் ஆழமும் உடையது. நிறைவான மீட்பர் குறைந்தது ஒருவரையாவது நிறைவான முறையில் மீட்க வேண்டும். விழுந்தவரைத் தூக்கி நிறுத்துவதைவிட, விழாமலே தாங்கிக் காப்பது மேலான மீட்பு. நோய் வந்தபின் குணமாக்கும் மருத்துவரைவிட, நோயே அணுகாமல் காப்பவருக்கு நாம் பெரிதும் கடன்பட்டவர்கள் அல்லவா? ஆகவே மரியாவுக்கு மீட்பர் தேவைப்படவில்லை என்பது பொருந்தாது. மற்றெல்லாரையும்விட அவரே தம் மகனுக்கு மிகுதியாகக் கடன்பட்டவர். கிறிஸ்துவின் மாட்சியைக் குறைக்கும் என்று அஞ்சப்பட்ட பக்தி, அவருடைய மாட்சியை உயர்த்துவதாக விளங்கத் தொடங்கியது.

இரண்டாவது போதனை தனிமனிதரைப் பற்றியது. பேதுருவும் மனிதர், பவுலும் மனிதர். மனித இயல்பு இருவருக்கும் பொது. அப்படியானால் பேதுருவைப் பேதுருவாக்குவது எது? உடலின் பருப்பொருள்தான் என்று சிலர் கூறினர். அதுமட்டும் போதாது என்றார் ஸ்கோட்டஸ். ஒவ்வொன்றையும் 'இது' என்று நாம் சுட்டிக்காட்டும்படி செய்கிற, வேறெதனோடும் பகிர்ந்துகொள்ள இயலாத ஒரு தன்மை அதனதனில் உண்டு என்று கற்பித்தார். இலத்தீனில் 'ஹெக்கேயித்தாஸ்' எனப்படும் இதனை 'இதுவாந்தன்மை' என்று நாம் சொல்லலாம். கடவுள் மனிதரைக் கூட்டமாக மட்டும் படைக்கவில்லை. ஒவ்வொருவரையும் இவராகவே விரும்பிப் படைத்தார் என்னும் நம்பிக்கைக்கு இது மெய்யியல் துணை.

ஒவ்வொருவருக்கும் உரிய தனித்தன்மையை இத்துணை வலியுறுத்திய ஒருவரின் தனிப்பெயரே பொதுப்பெயராய்த் தேய்ந்து போயிற்று!

பெயர் வசையான கதை

ஸ்கோட்டஸ் மறைந்தபின் இரண்டு நூற்றாண்டுகள் அவருடைய புகழ் ஓங்கியே இருந்தது. பல்கலைக்கழகங்களில் அவருடைய வழி நின்றோர் பெருந்தொகையினர். 1497-இல், அமல உற்பவத்தைக் காப்பதாக உறுதிமொழி கூறாத எவருக்கும் பட்டம் இல்லை என்று பாரிசு இறையியல் புலம் விதித்தது. இங்கிலாந்தில் அவருடைய மாணவர் வழியினரை 'டன்ஸ்மென்', அதாவது டன்ஸின் ஆட்கள் என்று அழைத்தனர். அக்காலத்தில் அது மதிப்புக்குரிய பெயர்.

பிறகு காலம் மாறியது. 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிரேக்கம், எபிரேயம், பழைய இலத்தீன் இலக்கியம் ஆகியவற்றை மூலத்திலேயே கற்கும் ஆர்வம் ஐரோப்பாவில் பொங்கி எழுந்தது. திருவிவிலியத்தையும் திருச்சபைத் தந்தையரையும் அவரவர் எழுதிய மொழியிலேயே படிக்க வேண்டும் என்றனர் புதிய அறிஞர்கள். பழைய தருக்க முறையில் ஊறியவர்களுக்கு இது பிடிக்கவில்லை. குறிப்பாக ஸ்கோட்டஸின் வழியினருள் சிலர், தங்களுக்குத் தெரிந்ததே போதும் என்று புதிய கல்விக்குக் கதவடைத்தனர். ஸ்கோட்டஸோ இளமையில் இறந்ததால் தம் நூல்களை முற்றுப்பெறச் செய்யாமல் விட்டுச் சென்றிருந்தார். மாணவர் எடுத்த குறிப்புகள் அவருடைய எழுத்தோடு கலந்தன. அவர் எழுதாத நூல்களும் அவருடைய பெயரில் உலவின. ஏற்கெனவே கடினமான நூல்கள் மேலும் சிக்கலாயின.

எள்ளல் தொடங்கியது. கத்தோலிக்கக் குருவான எராஸ்முஸ் 1511-இல் வெளியிட்ட நகைச்சுவை நூலில் ஸ்கோட்டஸ் வழியினரின் சொற்சிலம்பத்தைக் கடுமையாகப் பகடி செய்தார். திருவிவிலியத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த வில்லியம் டிண்டேல், புனித தோமஸ் மூருக்கு 1531-இல் எழுதிய மறுப்பு நூலில், டன்ஸின் சீடர்கள் கிரேக்கத்தையும் எபிரேயத்தையும் எதிர்த்துப் போதக மேடைகளில் கத்தித் திரிந்தனர் என்று சாடினார். ஆகவே இந்த ஏளனம் ஒரே தரப்பிலிருந்து வந்ததன்று. கத்தோலிக்கரும் சிரித்தனர், பிரிந்து சென்றோரும் சிரித்தனர்.

1535-இல் பெரிய அடி விழுந்தது. திருத்தந்தையோடு உறவை முறித்துக்கொண்ட மன்னர் எட்டாம் ஹென்றியின் ஆணைப்படி, தாமஸ் கிராம்வெல்லின் அலுவலர்கள் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சோதனையிட வந்தனர். அவர்களுள் ஒருவரான ரிச்சர்டு லேட்டன் அவ்வாண்டு செப்டம்பரில் கிராம்வெல்லுக்கு எழுதிய கடிதம் இன்றும் உள்ளது. டன்ஸைச் சிறையில் தள்ளி ஆக்ஸ்போர்டிலிருந்து அடியோடு விரட்டிவிட்டதாக அதில் அவர் பெருமை பேசுகிறார். தாம் இரண்டாம் முறை நியூ காலேஜுக்குச் சென்றபோது, அதன் முற்றமெங்கும் டன்ஸின் நூல்தாள்கள் கிழிபட்டுக் காற்றில் பறந்துகொண்டிருந்தன என்றும் எழுதுகிறார். பக்கிங்காம் பகுதிச் சீமான் ஒருவர் அத்தாள்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாராம். படிப்பதற்காக அன்று, தம் வேட்டைக்காட்டு மான்கள் வெளியே ஓடாதபடி வெருட்டக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவதற்காக!

இந்தக் கடிதத்தைப் பற்றிப் படித்தபோது நம் மனம் கனத்தது. ஒருவருடைய வாழ்நாள் உழைப்பு மானை வெருட்டும் கந்தலாயிற்று. அச்சுப் புத்தகம் அரிதாகவும், கையெழுத்துப் படிகள் அதனினும் அரியனவாகவும் இருந்த காலம் அது. மறுக்கவேண்டிய கருத்து இருந்தால் மறுத்து எழுதலாம். கிழித்தெறிவது மறுப்பாகுமா?

நூல்கள் போயின, பெயர் எஞ்சியது. ரிச்சர்டு ஸ்டானிஹர்ஸ்ட் என்பவர் 1577-இல் எழுதிய குறிப்பொன்று அப்பெயர் மாறிக்கொண்டிருந்த நிலையைக் காட்டுகிறது. வீண்வாதத்திலோ நுட்பமான மெய்யியலிலோ மற்றவரை விஞ்சுபவருக்குப் பள்ளிகளில் உடனே 'டன்ஸ்' என்ற பட்டப்பெயர் விழும் என்கிறார் அவர். அதாவது அப்போது அச்சொல்லில் கூர்மை என்னும் பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. நாளடைவில் அதுவும் உதிர்ந்தது. வீண்வாதம் செய்பவர், புதியதைக் கற்க மறுப்பவர், கற்கவே இயலாதவர் என்று படிப்படியாகச் சரிந்து, முடிவில் 'மூடர்' என்பதில் வந்து நின்றது. 1728-இல் அலெக்சாண்டர் போப் தம் எதிரிகளான எழுத்தாளர்களை எள்ளி நகையாடிப் பாடிய நெடும்பாட்டுக்கு இச்சொல்லையே தலைப்பாக்கி 'டன்சியட்' என்று பெயரிட்டார். போப் ஒரு கத்தோலிக்கர். கத்தோலிக்கர் என்பதற்காகவே அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் வாயில் அவருக்கு அடைக்கப்பட்டிருந்தது. அவரும் தம் திருச்சபையின் அறிஞரது பெயரில் பிறந்த வசையைத் தயங்காமல் எடுத்துக்கொண்டார்.

உண்மை காத்திருந்தது

இங்கிலாந்தில் இவ்வாறு நிகழ்ந்துகொண்டிருக்க, பிற நாடுகளில் ஸ்கோட்டஸின் சிந்தனை அமைதியாகத் தன் பணியைச் செய்தது. 1546-இல் திரிதெந்து பொதுச்சங்கம் பிறப்புநிலைப் பாவத்தைப் பற்றி ஆணை பிறப்பித்தபோது, அன்னை மரியாவை அதில் உட்படுத்தும் நோக்கம் தனக்கில்லை என்று தெளிவுபடுத்தியது. 1639-இல் அயர்லாந்தைச் சேர்ந்த பிரான்சிஸ்கன் துறவி லூக் வாடிங், ஸ்கோட்டஸின் நூல்களைத் தொகுத்துப் பிரான்சின் லியோன் நகரில் வெளியிட்டார். 1854-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் அமல உற்பவத்தை விசுவாசக் கோட்பாடாக அறிவித்தார். கிறிஸ்துவின் பேறுபலன்களை முன்னிட்டு மரியா பாவ மாசினின்று முன்கூட்டியே காக்கப்பட்டார் என்பது அந்த அறிவிப்பின் உட்கரு. ஐந்தரை நூற்றாண்டுகளுக்கு முன் 'டன்ஸ்' காட்டிய வழி அதுவே.

நம் பங்குகளில் அமலா, அமலோற்பவம், அமலோற்பவமேரி என்று எத்தனை பெண்மக்கள் இருக்கின்றனர்! திருமுழுக்கின்போது அப்பெயர்களைச் சொல்லித் தண்ணீர் வார்க்கும் ஒவ்வொரு முறையும், அந்தப் பெயர்களுக்குப் பின்னால் நின்று வாதாடிய ஓர் அறிஞரின் நினைவு நமக்கு வருவதுண்டு. அவருடைய சொந்தப் பெயர் வசையாயிற்று. ஆனால் அவர் யாருக்காக வாதாடினாரோ அந்த அன்னையின் பெயர் நம் வீடுகளில் வாழ்த்தாக ஒலிக்கிறது. இவ்விரண்டில் எதைத் தேர்ந்துகொள்வாய் என்று அவரிடமே கேட்டிருந்தால், பின்னதையே அவர் தேர்ந்திருப்பார் என்று நம்புகிறோம்.

இங்கிலாந்திலும் அவருக்கு ஓர் அன்பர் கிடைத்தார். இயேசு சபைக் கவிஞர் ஜெரார்டு மான்லி ஹாப்கின்ஸ் 1872-இல் ஸ்கோட்டஸின் நூலைக் கண்டெடுத்துப் படித்தார். ஒவ்வொரு மலருக்கும் பறவைக்கும் உள்ள தனித்தன்மையைப் பாட விழைந்த அவருக்கு, 'இதுவாந்தன்மை' என்னும் போதனை பெருந்துணையாயிற்று. ஸ்கோட்டஸ் வாழ்ந்த ஆக்ஸ்போர்டைப் பற்றிய கவிதை ஒன்றையும் எழுதினார். முன்பு எந்த நகரத்தில் தாள்கள் காற்றில் பறந்தனவோ, அந்த நகரத்தின் பெயரோடேயே ஸ்கோட்டஸின் பெயர் மீண்டும் மதிப்புடன் சேர்ந்தது. 1950-இல் அவருடைய நூல்களின் ஆய்வுப்பதிப்பு வத்திக்கானில் வெளிவரத் தொடங்கியது. பிறர் எழுதியவற்றைப் பிரித்து, அவருடையதை மட்டும் தெளிவாக்கும் பெரும்பணி அது. 1993-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், முத்திப்பேறு பெற்றவருக்கு உரிய வணக்கத்தை அவருக்கு உறுதிசெய்தார்.

ஆனால் சொல் திரும்பவில்லை. ஆங்கில அகராதியில் 'டன்ஸ்' என்றால் இன்றும் மூடர்தான். பீடத்தில் முத்திப்பேறு பெற்றவர், அகராதியில் மக்கு. ஒருமுறை நாவிலிருந்து புறப்பட்ட சொல்லைத் திருச்சபையின் பேரறிவிப்பும் திருப்பி அழைக்க முடிவதில்லை.

நாம் கற்பது

இந்த வரலாற்றில் இரு தரப்பாருக்கும் பங்கு உண்டு என்பதை நாம் மறக்கலாகாது. எதிராளியின் கருத்தை ஆராய்வதைவிட அவருடைய பெயரைக் கேலியாக்குவது எளிது. அந்த எளிய வழியைப் பலர் எடுத்துக்கொண்டனர். நம்மவரும் இதற்கு விலக்கல்லர். 'லூத்தரன்' என்ற சொல்லைக் கத்தோலிக்கத் தரப்பினரே முதலில் இகழ்ச்சியாக வழங்கினர். மார்ட்டின் லூத்தரோ, தம் பெயரால் எவரும் அழைக்கப்பட வேண்டாம், கிறிஸ்தவர் என்ற பெயரே போதும் என்று 1522-இல் தம்மைப் பின்பற்றியோரைக் கேட்டுக்கொண்டார். பிறருக்கு எதிராகப் பொய்ச்சான்று சொல்லாதே என்ற கட்டளை நீதிமன்றத்துக்கு மட்டும் உரியதன்று. நாம் சூட்டும் பட்டப்பெயர்களுக்கும் அது பொருந்தும். வகுப்பறையில் ஒரு பிள்ளையை 'மக்கு' என்று அழைக்கும் ஆசிரியரும், வீட்டில் அதே சொல்லை எடுக்கும் பெற்றோரும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளை அப்பெயரைப் பல ஆண்டுகள் சுமக்கக்கூடும்.

மறுபுறம், ஸ்கோட்டஸின் பெயரைக் கெடுத்ததில் அவருடைய சீடர்களுக்கும் பொறுப்பு உண்டு. ஆசிரியரோ எதிர்வாதம் அனைத்தையும் பொறுமையாகக் கேட்டவர். அவருடைய பெயரைத் தாங்கியோருள் சிலரோ கேட்கவே மறுத்தனர். அவருடைய நூல்களைப் படித்திராத மக்கள், அந்தச் சீடர்களைப் பார்த்தே அவரை எடைபோட்டனர். சீடர்களின் பிடிவாதம் ஆசிரியரின் பெயரில் ஏறி அமர்ந்தது.

இதனை எண்ணும்போது நாம் அனைவரும் தாங்கும் பெயர் நினைவுக்கு வருகிறது. சீடர்கள் அந்தியோக்கியாவில்தான் முதன்முதலாகக் 'கிறிஸ்தவர்' என்று அழைக்கப்பட்டனர் என்று திருத்தூதர் பணிகள் நூலின் 11-ஆம் அதிகாரம் கூறுகிறது. அதை அவர்கள் தாமாகச் சூட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை. ஊரார் இட்ட பெயராகவே தோன்றுகிறது. ஒருவேளை அதிலும் கேலி கலந்திருக்கலாம். புதிய ஏற்பாட்டில் மூன்றே இடங்களில் வரும் அச்சொல்லை, வெட்கப்படாமல் தாங்குமாறு புனித பேதுருவின் முதல் திருமுகம் நமக்கு அறிவுறுத்துகிறது. அந்த முதல் தலைமுறையின் அன்பும் பொறுமையுமே அச்சொல்லுக்கு நல்ல பொருளை ஈட்டித் தந்தன.

அச்சொல்லின் பொருளை அகராதி மட்டும் தீர்மானிப்பதில்லை. நம் தெருவில், நம் அலுவலகத்தில், நம்மோடு பேருந்தில் பயணம் செய்வோரிடத்தில், 'அவர் கிறிஸ்தவர்' என்று ஒருவர் சொல்லும்போது கேட்பவர் மனத்தில் என்ன பொருள் எழுகிறது? கடனைத் திருப்பித் தருபவர், வாக்கு மாறாதவர், பிறரை இகழாதவர் என்றா? அல்லது வேறொன்றா? அவர்களுள் பலர் நற்செய்தி நூலைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். நம்மைத்தான் பார்க்கிறார்கள்.